வறட்சியில் தெரிந்த செல்வம்

செல்வம் என்றதும் நிலம், கால்நடை, களஞ்சியம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. உழாமலும் விதைக்காமலும் காட்டில் கிடைப்பதை உண்டு வாழ்வோரை வறியவர் என்றே உலகம் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளது. இந்த எண்ணம் சரிதானா?

ஆப்பிரிக்காவின் கலஹாரி வறள்நிலத்தில், இன்றைய போட்ஸ்வானாவின் வடமேற்கு எல்லையை ஒட்டி, டோபே என்னும் நீர்நிலை உள்ளது. அதைச் சார்ந்து வாழ்ந்த குங் மக்களிடையே 1963-ஆம் ஆண்டு மானிடவியல் அறிஞர் ரிச்சர்ட் லீ சென்று தங்கினார். ஊகங்களை நம்பாமல், அவர்கள் உண்டதை எடையிட்டுக் குறித்துக்கொண்டார். அவர்களுடைய பேச்சிலும் பெருமையிலும் வேட்டை இறைச்சியே முதலிடம் பெற்றது. வயிற்றை நிரப்பியதோ பெரும்பாலும் பெண்கள் திரட்டி வந்த தாவர உணவு. (இவ்வாறு நிகழ்வது கலஹாரியில் மட்டுமன்று.) அவ்வுணவில் தலையாயது மொங்கொங்கோ மரத்தின் பருப்பு. ஒருவர் நாள்தோறும் சராசரியாக உண்ட சுமார் 300 பருப்புகளில் 1,260 கலோரியும் 56 கிராம் புரதமும் இருந்தன என்பது லீயின் கணக்கு. கடினமான ஓட்டுக்குள் இருப்பதால், உதிர்ந்து பல மாதங்கள் சென்ற பின்னும் அப்பருப்பு கெடுவதில்லை. இதைத் தவிர, உண்ணத்தக்க தாவரங்களாக எண்பதுக்கும் மேற்பட்டவற்றை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

1964-இல் அப்பகுதியைத் தொடர் வறட்சி வாட்டியது. பயிர்கள் பொய்த்தன, நாட்டில் பெருந்தொகையினர் நிவாரண உணவை நம்பியிருந்தனர். டோபே பகுதியில் மாடு வளர்த்துவந்த ஹெரேரோ இனப் பெண்கள், குங் பெண்களோடு காட்டுக்குச் சென்று உணவு திரட்டியே தம் குடும்பத்தைக் காத்தனர். மந்தை உடையவர்கள், மந்தையற்றவர்களின் அறிவால் பிழைத்தனர். காடு வழக்கத்தைவிட மிகுதியான மக்களைத் தாங்க வேண்டியிருந்தும் குங் மக்களுக்கு அதனால் குறை நேரவில்லை என லீ எழுதினார்.

இதைக் கொண்டு அவர்களது வாழ்வைச் சொர்க்கமாகச் சித்திரிப்பதும் பிழையே. ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பது கடும் உழைப்பு. வறண்ட மாதங்களில் அவர்களின் உடல் எடை குறைந்தது. பிறந்த குழந்தைகளுள் பலர் வளருமுன் இறந்தனர். வசதியோடு வாழ்பவர் பிறருடைய எளிமையைப் புகழும்போது சற்று ஐயுறுவது நல்லது.

பிற்காலத்தில் மந்தைகள் பெருகின. குடியேற்றங்களில் சோளமாவும் சர்க்கரையும் உணவாயின. பயிரிடப்படாத நிலத்தை யாருக்கும் உரியதன்று எனக் கருதும் வழக்கமே இதற்கு ஒரு காரணம். நட்டவர் இல்லாத மரத்துக்கு உரியவர் யார்? குங் மக்களிடம் இதற்குத் தெளிவான விடை இருந்தது. ஒவ்வொரு நீர்நிலையும் அதைச் சூழ்ந்த நிலமும் ஓர் உறவுக் குழுவின் பொறுப்பில் இருக்கும். வெளியார் அங்கே உணவு திரட்ட விரும்பினால் அக்குழுவிடம் கேட்க வேண்டும். கேட்டவருக்கு மறுப்பது அரிது.