கூரையும் ஐந்தாம் கட்டளையும்



புரட்டாசி வெயில் இன்னும் முதுகைச் சுடுகிறது. இந்நாட்களில் மழையைப் பற்றிப் பேசினால் சிலர் நகைப்பீர்கள். ஆனால் ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று வரும். நம் மாநிலம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 3 மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆகையால் இவ்வாரப் பிரசங்கம் உங்கள் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பற்றியது.

“கூரை பார்ப்பது கொத்தனார் வேலை, பீடத்தில் நின்று பேச இதுவும் ஒரு பொருளா?” என்று கேட்பீர்கள். வேதாகமத்தைத் திறந்து உபாகமம் 22-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புதிதாக வீடு கட்டுகிறவன் தன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்று மோயீசன் வழியாகச் சர்வேசுரன் கட்டளையிட்டிருக்கிறார். எழுப்பாமல் விட்டு, யாராவது தவறி விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. இதைச் சற்று நின்று கவனியுங்கள். வீட்டுக்காரன் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. யாருக்கும் தீங்கு நினைக்கவுமில்லை. அவன் செய்யாமல் விட்ட ஒரு காரியம்தான் அவனைக் குற்றவாளியாக்குகிறது. அப்படியானால் கூரையும் சுவரும் ஐந்தாம் கட்டளையைச் சேர்ந்த விஷயங்கள் அன்றோ? பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது “கொலையா? அது நமக்கில்லை” என்று அந்தக் கட்டளையை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறோம். ஆனால் பூசையின் ஆரம்பத்தில் செய்ததற்கு மட்டுமன்று, செய்யாமல் விட்டதற்கும் அல்லவா மார்பில் தட்டிக்கொள்கிறோம்!

செய்யாமல் விட்டதைத் தேடிப்பிடிப்பதில் மழைத்தண்ணீருக்கு மிஞ்சினது ஒன்றுமில்லை. நம் அரியலூர்ச் சீமையில் பெரியவர்கள் இன்றும் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. விடாமழையால் ஆற்றில் வெள்ளம். அது பாலத்தடியை அரித்துவிட்டிருந்தது. எத்தனையோ இரவுகள் தாங்கின பாலம் அன்று தாங்கவில்லை. பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் அந்த ரயிலை ஓட்டியவரல்ல, அந்தப் பாலத்தைக் கட்டியவருமல்ல. ஆனாலும் பொறுப்பு தம்முடையது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். குடும்பத் தலைவர்களே, ஒரு தேசத்தின் ரயில்களுக்கெல்லாம் தாமே பொறுப்பாளி என்று ஒரு மனிதர் எண்ணினாரே. நம் மனைவி மக்கள் படுத்துறங்கும் ஓர் அறையின் கூரைக்கு நாம் பொறுப்பில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வோம்?

திருவிழா வந்தால் வீட்டு முகப்புக்கு வெள்ளையடிக்கிறோம். வாசற்கதவுக்கு வர்ணம் பூசுகிறோம். ஏனென்றால் அது விருந்தாளியின் கண்ணில் படும். கூரையின் மேற்புறத்தை யார் பார்க்கிறார்கள்? காக்கையும் குரங்கும்தான்.

ஆகவே இந்த வாரமே ஏறிப் பாருங்கள். கீற்று வீடானால் முதலில் முகட்டைப் பாருங்கள். காற்று பிரித்தெறிவதும் தண்ணீர் இறங்குவதும் அங்கேதான். தெருவில் நின்று பார்த்தால் முகடு நேர்கோடாக இருக்கவேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே விட்டமோ கைமரமோ தளர்ந்துவிட்டது என்று பொருள். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் கரையான் தன் வேலையை முடித்துவிட்டது. ஓட்டு வீடானால் உடைந்த ஓட்டையும் நழுவின ஓட்டையும் மாற்றுங்கள். பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் வருகிற துளை வழியாகத் தண்ணீரும் வரும். சிமெண்டுத் தகடு போட்ட வீட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை: தகட்டின் மேல் நேராகக் காலை வைக்காதீர்கள். அது சத்தமில்லாமல் உடையும். பலகை போட்டு, அதன்மேல்தான் ஏறவேண்டும்.

தளம் போட்ட வீட்டுக்காரர்கள் இது நமக்கல்ல என்று நினைக்கவேண்டாம். லாரி லாரியாகச் சிமெண்டு போகிற அரியலூரிலேயே எத்தனை தளங்கள் ஒழுகுகின்றன! மாடியில் வேப்பிலை அடைத்த வடிகுழாய், கைப்பிடிச் சுவரில் தலைநீட்டும் அரசங்கன்று, இரண்டும் தளத்துக்குப் பகை. தண்ணீர் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு முன்னிருந்த அளவில் நில்லாது. பல மடங்கு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதனால்தான் பழைய தொகுப்பு வீடுகளில் தொட்டிலுக்கு மேலிருந்து ஒரு நாள் காரை பெயர்ந்து விழுகிறது. ஒரு கம்பால் கூரையின் அடிப்புறத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் அவ்விடத்தில் காரை விட்டுப்போயிருக்கிறது. அதன் கீழ்ப் படுக்கை போடாதீர்கள். கொத்தனாரை அழையுங்கள். கூரை ஈரத்தில் ஓடும் மின்கம்பியையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல்மண் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. அந்த மண் கோடையில் வெடித்துச் சுருங்கும். மழையில் ஊறி உப்பும். மேலே நிற்கிற சுவர் ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கத்தில் ஆடுகிறது. சுவரில் சாய்வாக ஓடுகிற வெடிப்பு இருந்தால், அதன் குறுக்கே சிறிது சிமெண்டை அப்பித் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அந்த அப்பும் பிளந்தால் வெடிப்பு இன்னும் வளர்கிறது. கூரைக்கு என்ன செய்தாலும் அதைச் சுமக்கிற சுவர் நிற்காவிட்டால் பயனில்லை.

சுவர் என்றதும் கோயம்புத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையம் அருகிலுள்ள நடூர் நினைவுக்கு வருகிறது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், மழையில் ஊறின ஓர் உயர்ந்த சுற்றுச்சுவர் அருகிலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். விழுந்த சுவர் அவர்களுடையதன்று. பிறனுடைய சுவர் ஏழையின் கூரைமேல் விழுந்தது. ஆகவே வசதியுள்ளவர்களே, நீங்கள் உங்கள் கூரையைப் பார்த்தால் மட்டும் போதாது. உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள்.

“எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லும் பக்தர்கள் சிலர் உண்டு. விசுவாசம் நல்லது. ஆனால் பசாசு சேசுநாதரைத் தேவாலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், கீழே குதியும், சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னபோது, ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். உளுத்த விட்டத்தின் கீழ்ப் பாயை விரித்துச் சிலுவை அடையாளம் போட்டுப் படுப்பது, அந்த உச்சியிலிருந்து குதிப்பதற்கு வெகு தூரமில்லை.

கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரை அறிவீர்கள். கூட்டத்தில் வழியில்லாமல் அவர்கள் கூரையைப் பிரித்து அவனைச் சேசுநாதர் முன்பாக இறக்கினார்கள். அந்நாட்டுக் கூரை உத்திரங்களின் மேல் கிளைகளைப் பரப்பி மண் மெழுகினது. மழைக்காலத்தில் அதைக் கல்லுருளையால் அழுத்திக் கெட்டிப்படுத்துவார்கள். பிரித்த கூரையை மறுபடி யார் சரிசெய்தார்கள் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. அந்த நால்வரே செய்திருப்பார்கள் என்று எண்ண எனக்கு விருப்பம். ஏனெனில் தன்னால் ஏறமுடியாதவனுக்காகக் கூரைமேல் ஏறினவர்கள் அவர்கள்.

நம் பங்கிலும் ஏறமுடியாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக விளக்கேற்றும் பாட்டிமார் உண்டு. கணவனை இழந்து கூலி வேலைக்குப் போகும் தாய்மார் உண்டு. மழை வந்தால் இவர்கள் செய்வது ஒன்றே: ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒழுகாத மூலைக்கு இழுத்துப் படுக்கவைத்து, விடியும்வரை விழித்திருப்பது. கேட்டால் “கொஞ்சம்தான் சாமி ஒழுகுது” என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி வந்துவிடாதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்.

ஏலாக்குறிச்சிக்குப் பாதயாத்திரை போகிறோம். அங்கே தேவமாதாவை அடைக்கலமாதா என்று கூப்பிடுகிறோம். வீரமாமுனிவர் அவ்வூருக்கிட்ட பெயரோ திருக்காவலூர். அடைக்கலம், காவல் என்ற இரண்டு சொற்களும் நம் வாயில் எந்நேரமும் இருக்கின்றன. நற்கருணை வாங்குமுன் நூற்றுவர் தலைவனுடைய தாழ்ச்சியான வார்த்தையை நாமும் சொல்லுகிறோம். நாம் வீடு என்று சொல்லுமிடத்தில், சுவிசேஷத்தில் அவன் சொன்னது கூரை. தன் கூரையின் கீழ் ஆண்டவர் வரத் தான் பாத்திரவான் அல்ல என்றான் அவன். சின்னஞ்சிறியவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று சொன்ன ஆண்டவர், தெருக்கோடியில் ஒழுகுகிற கூரையின் கீழ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

செலவுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு: குடிசைகளுக்குப் பதிலாகக் கல்வீடு கட்டித்தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அரசாங்கம் 2024-இல் தொடங்கி, வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. உங்கள் பெயர் பட்டியலில் உண்டா என்று ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கப் படித்த பிள்ளைகள் முன்வரட்டும். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை மழை காத்திராது.

ஆகவே வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், வின்சென்ட் தே பவுல் சபையாரும் வாலிபர்களும் கோவில் முற்றத்தில் கூடவேண்டும். நம் பங்கிலுள்ள ஆசாரிமாரும் கொத்தனார்மாரும் அரைநாள் கூலியை ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்து உடன் வரவேண்டுகிறோம். ஏணி உள்ளவர்கள் ஏணி கொண்டு வாருங்கள். வீட்டில் மீந்த ஓடு, கயிறு, தார்ப்பாய், நல்ல மூங்கில் இருந்தால் சனிக்கிழமை மாலைக்குள் கோவில்பிள்ளையிடம் ஒப்படையுங்கள். யார் வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்பதை அந்தந்தத் தெருத் தாய்மார் வந்து சொல்லுங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.