திரும்புதலும் ஒரு துணிவே

எடுத்த காரியத்தை இடையில் விடலாகாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பவரை மதிக்கிறோம். பாதி வழியில் திரும்புபவரை உறுதியற்றவர் என்கிறோம். ஆனால் பாதி வழியில் திரும்புவதே கடமையாகிவிடும் வேளையும் உண்டு அன்றோ? அவ்வாறெனில், உறுதியின்மை எது, அறிவுடைமை எது என்று நாம் பிரித்தறிவது எவ்வாறு? நான்கு இருக்கைகள் கொண்ட ஒரு சிறு விமானத்தையும், அதன் வழியை மறிக்கும் மேகத்தையும் முன்வைத்து இக்கேள்வியைச் சிந்திக்கலாம்.

அமெரிக்காவில், குடும்பத்தில் ஒருவரே விமானியாக இருந்து, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குச் செல்வது அரிய செய்தியன்று. கலிபோர்னியாவின் உட்பகுதியிலிருந்து கடலோர நகரான மான்டெரேக்கு ஒரு கோடைக்கால மாலையில் அத்தகைய குடும்பமொன்று புறப்படுவதாகக் கொள்வோம். புறப்படும் இடத்தில் வானம் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. ஆனால் பசிபிக் பெருங்கடலின் குளிர்ந்த நீர்ப்பரப்பின்மேல் உருவாகும் தாழ்ந்த மேகப்படலம், பொழுது சாயச் சாயக் கரையேறி வருகிறது. மேலிருந்து நோக்குவோருக்கு அது பஞ்சு விரித்தாற்போல் அழகாகவே தோன்றும். அந்த அழகின் அடியில் ஓடுதளம் மறைந்துவிட்டது. விமானி திசையை மாற்றி, மேகம் எட்டாத உள்நாட்டு ஊரான ஹாலிஸ்டரில் இறங்குகிறார். சில நிமிடத் தொலைவில் இருந்த கடலும், விடுதியும், விருந்து சமைத்துக் காத்திருந்த உறவினரும் எட்டாமற்போயினர். பிள்ளைகள் முகம் வாடுகின்றனர். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே!" என்ற குரல் பின்னிருக்கையிலிருந்து எழுகிறது.

அக்குரலுக்கு விடை சொல்வது எளிதன்று. பெரிய பயணிகள் விமானத்தில் இரு விமானிகள் உண்டு. தரையிலிருந்து வழிகாட்டுவோர் உண்டு. நிறுவனத்தின் விதிகளும் உண்டு. திருப்பும் முடிவின் பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமக்கின்றனர். சிறு விமானத்திலோ அப்பாரம் ஒருவர் தோள்மீதே விழுகிறது. விமானத்தின் பொறுப்பாளரான விமானியே இறுதி அதிகாரம் உடையவர் என்று அமெரிக்கச் சட்டமும் கூறுகிறது. அந்த ஒருவரோ தந்தையாகவும் இருக்கிறார். பிள்ளைகளை ஏமாற்ற அவருக்கு மனம் வருவதில்லை. அவர்களைக் காக்க வேண்டிய அன்பே, தொடர்ந்து செல்லும்படி அவரைத் தூண்டுகிறது.

அத்தூண்டலின் ஆபத்தைக் காட்டும் ஓர் ஆய்வு 1954-ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்டது. கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேர், வெளியே ஏதும் தெரியாத நிலையில் விமானத்தைச் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள்; அதாவது மூன்று நிமிடங்களுக்கும் குறைவு! அடிவானம் மறைந்ததும் நம் உட்செவி நம்மிடம் பொய் சொல்லத் தொடங்குகிறது. விமானம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதும், நேராகச் செல்வதாகவே உடல் உணர்கிறது. அந்த ஆய்வின் மறுபாதி இன்னும் கருத்துக்குரியது. 180 பாகை திரும்பி, வந்த வழியே வெளியேறும் எளிய முறை அதே மனிதர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் அவர்கள் பாதுகாப்பாகத் திரும்பினர். திரும்பும் வழியை முன்னரே கற்று வைத்திருந்ததே அவர்களைக் காத்தது.

இதற்கு நேர்மாறான துயரம் 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் நிகழ்ந்தது. ஜெசிகா டூப்ரோஃப் என்னும் ஏழு வயதுச் சிறுமி, தன் தந்தையுடனும் பயிற்றுநருடனும் நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் சிறு விமானத்தில் புறப்பட்டிருந்தாள். செய்தியாளர்கள் அப்பயணத்தைத் தொடர்ந்து கொண்டிருந்தனர். இரண்டாம் நாள் காலையில் புயல்மேகம் நெருங்கி வந்தது. எனினும் விமானம் கிளம்பியது, சிறிது நேரத்தில் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். மோசமாகிவந்த வானிலையில், மிகை எடையுடன் விமானத்தைக் கிளப்பிய பொறுப்பு விமானியின் முடிவே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது. அத்துடன், மிகையான பயணத் திட்டத்தை எப்படியும் நிறைவேற்ற வேண்டும் என்ற விருப்பமும், செய்தித் துறையினருக்கு அளித்திருந்த வாக்குறுதிகளும் அதற்குத் துணைநின்றன என்று சுட்டியது. அங்கே எவரிடமும் தீய எண்ணம் இருந்ததாக நாம் கருதவில்லை. ஆயினும் சொன்ன சொல், அச்சொல் யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்களைவிடப் பெரிதாகிவிட்டது.

இவ்விடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் முன்மதி என்னும் நற்பண்பைப் பற்றிக் கூறும் கருத்து நமக்குத் துணைசெய்கிறது. ஆராய்தல், தீர்ப்பிடுதல், கட்டளையிடுதல் என முன்மதிக்கு மூன்று செயல்கள் உண்டென்றும், அவற்றுள் கட்டளையிடுதலே தலையாயது என்றும் அவர் விளக்குகிறார். வானிலை அறிக்கையைப் படிப்பது ஆராய்தல். இனிச் செல்லலாகாது என உணர்வது தீர்ப்பு. ஆயினும் கை விமானத்தைத் திருப்பாவிட்டால் இவ்விரண்டாலும் பயன் இல்லை. அறிந்தும் செய்யாமல் போவதே நம் வீழ்ச்சிகள் பலவற்றின் வரலாறு அன்றோ? அதே புனிதர், நிலையின்மையை முன்மதிக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறார். ஆசையோ அச்சமோ இழுக்க, நல்ல நோக்கத்தைக் கைவிடுவதே நிலையின்மை. சூழ்நிலை மாறியதை அறிவு கண்டு, அதே நோக்கத்துக்காக வழியை மாற்றுவது நிலையின்மை ஆகாது. மான்டெரேக்குச் செல்வது அக்குடும்பத்தின் நோக்கமன்று. உறவினரோடு மகிழ்ந்திருப்பதே நோக்கம். அந்நோக்கத்தை ஹாலிஸ்டரில் இறங்கியவர் கைவிடவில்லை, காப்பாற்றினார்.

வள்ளுவரும் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். செயல், தன் ஆற்றல், காலம், இடம் ஆகிய இந்நான்கையும் அறியாத ஊக்கம் எத்துணைப் பெரிதாயினும் போதாது என்பது அவ்வரிசையிலேயே நமக்குப் புலனாகிறது.

எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. திரும்பியவர் தாம் செய்தது சரியென்று ஒருபோதும் மெய்ப்பிக்க முடியாது. நிகழாத விபத்தை எவர் கண்டார்? அரைமணி நேரத்தில் மேகம் விலகியிருக்கவும் கூடும். அன்று துணிந்து சென்ற வேறொருவர் பத்திரமாக இறங்கிப் பாராட்டும் பெற்றிருக்கலாம்; நற்பேற்றைத் தம் திறமை என எண்ணி, அடுத்த முறை இன்னும் அடர்ந்த மேகத்துள் நுழையவும் செய்யலாம். ஆகவே ஒரு முடிவை அதன் விளைவைக் கொண்டு மட்டும் அளத்தல் நேர்மையன்று. முடிவெடுத்த வேளையில் அவர் அறிந்திருந்தது என்ன, அவ்வறிவுக்கு அவர் கீழ்ப்படிந்தாரா என்றே நாம் கேட்க வேண்டும். முன்மதியாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது நன்றியன்று, சிணுங்கலே. அதைத் தாங்குவதற்கும் துணிவு வேண்டும்.

ஆதலால் திரும்பும் பொறுப்பை விமானி ஒருவர்மீதே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பின்னிருக்கையில் இருப்போருக்கும், மறுமுனையில் காத்திருப்போருக்கும் அதில் பங்குண்டு. "எப்படியாவது வந்து சேருங்கள்" என்று அன்போடு சொல்லும் சொல், வானில் தனித்திருப்பவரின் தலைமேல் பாரமாக இறங்குகிறது. "வர இயலாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லோ மேகத்துக்கு இப்பால் ஓர் ஓடுதளத்தைத் திறந்து வைக்கிறது. கருவிகளைக் கொண்டு பறக்கும் பயணங்களில் மாற்று விமான நிலையம் தேவைப்படும்போது, சேருமிடம் வரையும், அங்கிருந்து மாற்று நிலையம் வரையும், அதற்குமேல் 45 நிமிடங்களுக்கும் போதிய எரிபொருள் வேண்டும் என்பது அமெரிக்க விதி. சேருமிடத்தை அடைய முடியாமற்போகலாம் என்பது புறப்படும் முன்னரே கணக்கில் ஏறிவிடுகிறது. நம் இல்லங்களிலும் அத்தகைய எரிபொருளைச் சேமித்து வைத்தல் நன்று. குறித்த நாளில் நடக்காத திருமணப் பேச்சு, தொடர முடியாத படிப்பு, கைவிட நேர்ந்த தொழில் ஆகியவற்றோடு ஒருவர் வீடு திரும்பும்போது, ஏன் திரும்பினாய் என்று வாசலிலேயே கேட்கும் குடும்பம், அடுத்த முறை அவரைத் திரும்ப விடாமற் செய்துவிடுகிறது.

அமெரிக்கச் சிற்றூர் விமான நிலையங்கள் பலவற்றில், எதிர்பாராமல் வந்திறங்கும் விமானிகள் ஊருக்குள் சென்றுவர ஒரு பழைய காரை இரவலாகத் தருவது வழக்கம். ஏன் இங்கு வந்தீர்கள் என்று அவர்களை யாரும் குடைவதில்லை. வழிமாறி வந்தவருக்கும் இங்கே இடமுண்டு என்பதை அந்தச் சாவி சொல்லாமல் சொல்கிறது. அத்தகைய சாவியொன்றை நம் வீட்டு வாசலிலும் தொங்கவிட்டு வைத்தால், நம்மவர் அஞ்சாமல் திரும்பி வருவர்.