ஆதாரம் வரும்வரை காத்திருக்க முடியாத கேள்விகள்

மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பவர்களிடம் நோயாளியின் வீட்டார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாத்திரையும் குடுக்குறோம், கோயிலுக்கும் கூட்டிட்டுப் போறோம் டாக்டர். தப்பில்லையே?" தப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஏன் தப்பில்லை, எந்த இடத்தில் அது தப்பாக மாறும் என்பதை எனக்கு விளங்கவைத்தவர் வில்லியம் ஜேம்ஸ். மருத்துவப் பட்டம் வாங்கியும் அந்தத் தொழிலைச் செய்யாமல் உளவியலுக்கும், அங்கிருந்து தத்துவத்துக்கும் போன அமெரிக்கர். கடவுள் உண்டென்று நிறுவ அவர் முயலவில்லை. போதிய ஆதாரம் கிடைக்காத ஒன்றை நம்ப மனிதருக்கு உரிமை உண்டா என்று கேட்டார். அவருக்கு அது ஏட்டுக் கேள்வியே அல்ல.

1842இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை மூத்த ஹென்றி ஜேம்ஸ் சிறுவயதில் தீ விபத்தில் ஒரு காலை இழந்தவர். சுவீடன் நாட்டு ஞானி ஸ்வீடன்போர்கின் நூல்களில் ஆறுதல் கண்டு கடவுளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவர். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் வில்லியமின் தம்பி. வில்லியமுக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. ஓவியம் பயின்றார், விட்டார். வேதியியல் படித்தார், அங்கிருந்து மருத்துவத்துக்கு மாறினார். 1865இல் இயற்கையியலாளர் லூயி அகாசியின் ஆய்வுக் குழுவோடு பிரேசிலுக்குப் போய் அம்மை கண்டு படுத்தார். 1869இல் பட்டம் கிடைத்தபோது முதுகுவலியும் கண்நோவும் தூக்கமின்மையும் உடனிருந்தன. தற்கொலை எண்ணமும் இருந்தது.

அக்கால உடலியல் அறிஞர்கள் பலர் மனத்தை நரம்புகளின் அனிச்சைச் செயலாகவே பார்த்தார்கள். அப்படியானால் நான் எடுக்கும் எந்த முடிவும் என்னுடையது அல்லவே என்ற எண்ணம் ஜேம்ஸை அரித்தது. ஒரு மாலை, இருட்டத் தொடங்கிய அறைக்குள் நுழைந்தவரைக் காரணமில்லாத பேரச்சம் பிடித்துக்கொண்டது. மனநோய் விடுதியில் முன்பு பார்த்த ஓர் இளைஞனின் உருவம் மனத்தில் எழுந்தது. கறுத்த முடி, பச்சை பாய்ந்த தோல், முழங்காலை மோவாய்வரை மடக்கி நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பவன். நானும் இவனைப்போல் ஆகலாம், அதைத் தடுக்க என்னிடம் எதுவுமே இல்லை என்று தோன்றிவிட்டது. விவிலிய வசனங்களைப் பற்றிக்கொண்டிராவிட்டால் புத்தி பேதலித்திருக்கும் என்று பின்னாளில் எழுதினார். அதையும் பெயர் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரரின் வாக்குமூலம்போலத்தான் தன் நூல் ஒன்றில் சேர்த்தார். தன் அனுபவமே அது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இன்று ஒருவர் என்னிடம் வந்து இதைச் சொன்னால் 'பேனிக் அட்டாக்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவேன். அவர் பற்றிக்கொண்ட வசனங்களை எழுத அதில் இடம் கிடையாது. ஆனால் அந்த மனிதர் உடையாமல் நின்றதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று அவரே சொல்கிறார். அதை ஒரு மருத்துவர் காதில் வாங்காமல் விட முடியாது.

1870 ஏப்ரல் 30ஆம் தேதி நாட்குறிப்பில் ஜேம்ஸ் ஒரு முடிவை எழுதிவைத்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனூவியேவைப் படித்திருந்தார். பல எண்ணங்களுக்கு நடுவே ஒன்றை நானே விரும்பிப் பிடித்து நிறுத்த முடியும் என்பதுதான் சுதந்திரம் என்கிற ரெனூவியேவின் விளக்கம் அவரைத் தொட்டது. அப்படியொரு சுதந்திரம் உண்டு என்று நம்புவதையே தன் முதல் சுதந்திரச் செயலாக்குவதென்று தீர்மானித்தார். நிரூபணம் கையில் இல்லை. நம்பாமல் இருந்தால் எழுந்து நடக்கவும் வழியில்லை. உடனே குணமாகிவிட்டார் என்பதில்லை. தேறுவதற்கு ஆண்டுகள் ஆயின, சோர்வு பிறகும் விட்டுவிட்டு வந்தது. மனச்சோர்வை மனவுறுதியால் விரட்டலாம் என்று யாரும் இதைக் காட்டி நோயாளியை அதட்டிவிடக் கூடாது. 1873இல் ஹார்வர்டில் உடற்கூறியலும் உடலியலும் கற்பிக்கத் தொடங்கினார். 1890இல் வந்த 'உளவியலின் கோட்பாடுகள்' என்ற இரண்டு பாகப் பெருநூலை எழுத 12 ஆண்டுகள் பிடித்தன.

அன்று நாட்குறிப்பில் எழுதியதை அவர் வாதமாக வளர்த்தது 1896இல், யேல், பிரவுன் பல்கலைக்கழகங்களின் தத்துவக் கழகங்களுக்கு முன் ஆற்றிய 'நம்பும் சித்தம்' என்ற உரையில். எதிர்த்தரப்பில் இருந்தவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிளிஃபோர்ட். அவர் 1877இல் சொன்ன கதை புகழ்பெற்றது. கப்பல் பழசு என்று முதலாளிக்குத் தெரியும். செப்பனிடச் செலவாகும். இத்தனை பயணம் போய்வந்த கப்பல்தானே, கடவுள் காப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினாலும் குற்றவாளிதான் என்றார் கிளிஃபோர்ட். அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே. போதிய ஆதாரமின்றி எதையும் நம்புவது எவருக்கும் எப்போதும் தவறு என்பது அவர் தீர்ப்பு.

ஜேம்ஸ் இதை ஒரேயடியாக மறுக்கவில்லை. சில கேள்விகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது என்றார். அந்தக் கேள்வி நம் மனத்தில் உயிருள்ளதாக இருக்க வேண்டும். அதில் வாழ்க்கையே மாறக்கூடிய பெரிய விஷயம் அடங்கியிருக்க வேண்டும். முடிவெடுக்காமல் ஒதுங்குவதற்கு இடமே இருக்கக் கூடாது. இத்தனைக்கும் மேல், அறிவால் மட்டும் அதைத் தீர்த்துவிட முடியாததாகவும் இருக்க வேண்டும். அங்கே காத்திருப்பதும் ஒரு முடிவுதான், ஏமாந்துவிடக் கூடாது என்ற அச்சம் எடுத்த முடிவு. நட்பை அவர் எடுத்துக்காட்டினார். என்னை இவருக்குப் பிடிக்கும் என்பதற்குச் சான்று கிடைத்த பிறகுதான் பழகுவேன் என்பவருக்கு நண்பர் வாய்ப்பதில்லை. முன்கூட்டி வைத்த நம்பிக்கைதான் அந்த நட்பை உண்டாக்குகிறது.

1901, 1902இல் எடின்பரோவில், இதயம் பழுதுபட்டிருந்த நிலையில், 20 கிஃபோர்ட் உரைகளை ஆற்றினார். அவையே 'சமய அனுபவத்தின் வகைகள்' என்ற நூலாயின. திருச்சபைகளையும் கோட்பாடுகளையும் ஓரமாக வைத்துவிட்டு, தனிமனிதர்கள் சொன்னதைக் கேட்டார். அவிலாவின் புனித தெரேசா, டால்ஸ்டாய், அல் கஸாலி எல்லோருமே அதில் பேசுகிறார்கள். விவேகானந்தரின் ராஜயோகமும் இடம்பெறுகிறது. அளசிங்கப் பெருமாள் போன்ற சென்னை இளைஞர்கள் பணம் திரட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிய அதே விவேகானந்தர், 1896இல் ஹார்வர்டின் தத்துவக் கழகத்தில் வேதாந்தம் பேசினார். அவர்மேல் மதிப்பு வைத்திருந்த ஜேம்ஸ், அவருடைய அத்வைதத்தை ஏற்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே ஒன்றாய், முழுமையாய் இருக்கிறது என்பது களைத்தவருக்கு ஓய்வு தரும். தன் உலகமோ இன்னும் முடியாத உலகம், அது கடைத்தேறுவதற்கு உத்தரவாதம் இல்லை, நம் செயலும் அதற்குத் தேவை என்றார்.

அந்த எடின்பரோ உரைகளின் தொடக்கத்தில் அவர் சொன்ன ஒன்றை மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். புனித பவுல் கண்ட காட்சியை வலிப்பு நோய் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களை அவர் மறுத்தார். பக்தரின் எண்ணத்துக்கு உடலில் காரணம் உண்டென்றால் நாத்திகரின் எண்ணத்துக்கும் உண்டு. எங்கிருந்து வந்தது என்பதால் ஓர் எண்ணத்தின் மதிப்பைச் சொல்ல முடியாது. அது எப்படிப்பட்ட வாழ்க்கையை விளைவிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் பயன் தருவதெல்லாம் உண்மையாகிவிடுமா என்று தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கேட்டார். நியாயமான கேள்வி. ஜேம்ஸ் தந்த அனுமதி குறுகலானது என்பதை மறந்தால் அது மூடநம்பிக்கைக்கு வாசலாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்காவில் நோய் தீரும் என்று மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்டிருந்த ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தார்கள். மருந்தால் தேறக்கூடிய நோய்களை நம்பிக்கையின் பொறுப்பில் மட்டும் விட்டுவைத்த வழக்கம் அது. அங்கே ஆதாரம் இருந்தது. அது கிளிஃபோர்டின் கப்பல். எந்த மருந்து வேலை செய்யும் என்பது ஆதாரம் தீர்க்கும் கேள்வி. அதில் நம்பும் உரிமை என்று எதுவும் கிடையாது.

ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், இனி வாழ்வதில் பொருள் உண்டா என்று என்னிடம் கேட்டால், எந்த ஆய்வறிக்கையும் அதற்குப் பதில் சொல்லாது. அவர் ஒவ்வொரு காலையும் பதில் சொல்லித்தான் எழுந்திருக்க வேண்டும். 1885இல் ஒன்றரை வயது மகன் ஹெர்மனைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர் ஜேம்ஸ். வாழத் தகுந்தது வாழ்க்கை என்று நம்பினால், அந்த நம்பிக்கையே அதை அப்படி ஆக்குவதற்குத் துணைநிற்கும் என்று 1895இல் ஹார்வர்டு மாணவர்களிடம் பேசியவரும் அவர்தான். 1910 ஆகஸ்ட் 26ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தன் வீட்டில் இறந்தார்.

உங்கள் வீட்டில் மனம் நொந்த ஒருவர் இருந்தால், மருந்தை நிறுத்தாதீர்கள். கடவுளைக் காட்டி அதை நிறுத்தச் சொல்பவரை நம்பாதீர்கள். அதே சமயம், அவர் பற்றிக்கொண்டிருப்பது பிரார்த்தனையோ, கடவுளே இல்லாத ஓர் உறுதியோ, அவரைத் தாங்கும்வரை, யாரையும் காயப்படுத்தாதவரை, அதைப் பிடுங்காதீர்கள். அது அவருடைய உரிமை.