அழைப்பு வராதிருந்தால்?

இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் ஏணிப்படிகளைப் போல் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்தவை. உச்சிப் பிரிவில் ஆடும் 20 கழகங்களை உலகறியும். அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் உள்ள 72 கழகங்களை அந்தந்த ஊரார் அறிவர். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். கோடை வந்தால் 'இனி நீர் தேவையில்லை' என்ற சொல். மறுபடியும் வேறோர் ஊர், வேறொரு வாடகை வீடு. கோல் அடிப்பதையே பிழைப்பாகக் கொண்டு இவ்வாறு ஊர் மாறித் திரியும் முன்கள வீரர்கள் பலர். அவர்களுள் ஒருவரான ரிக்கி லாம்பர்ட்டின் வாழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

லிவர்பூலை அடுத்த கிர்க்பியில் 1982-இல் பிறந்தவர் அவர். சிறுவயது முதல் நேசித்த லிவர்பூல் கழகமே 15 வயதில் அவரை அனுப்பிவிட்டது. பின்னர் பிளாக்பூல் கழகமும் கைவிட்டது. பீட்ரூட் தொழிற்சாலையில் குடுவைகளுக்கு மூடி திருகிப் பிழைத்த நாள்களும் உண்டு. மாக்கிள்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் எனக் கீழ்ப்பிரிவுகளிலேயே இளமை கழிந்தது. 2009-இல் மூன்றாம் பிரிவிலிருந்த சவுத்தாம்ப்டன் அவரை வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் அக்கழகம் உச்சிப் பிரிவுக்கு ஏற, அவரும் உடன் ஏறினார். 2013 ஆகஸ்டு 14 அன்று, தம் 31-ஆம் வயதில், வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து அணிக்காக முதன்முறை இறங்கினார். ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் தொட்ட முதல் பந்தைத் தலையால் முட்டினார்; கோல்! 3-2 என்ற வெற்றியை அதுவே தந்தது.

பள்ளி ஆண்டு விழா மேடைக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? 'விடாமுயற்சி வெல்லும்' என்று கூறிக் கைதட்டலோடு அமர்ந்துவிடலாம். ஆனால் நாம் சற்றே நின்று எண்ணுவோம். அந்த அழைப்பு வராமலே போயிருந்தால்? ராச்டேலில் ஓடியவை அதே கால்கள். உழைப்பும் அதே உழைப்பு. அந்த ஆண்டுகளை வீண் என்றிருப்போமா? என்றிருப்போம் என்றே அஞ்சுகிறோம். அவரோடு ஒரே அறையில் உடைமாற்றி, ஒரே திடலில் பயின்று, எவ்வழைப்பும் வராமல் ஓய்ந்தவர்களை நாம் தேடுவதில்லையே! மெய்யியலார் பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976-இல் எழுப்பிய வினாவும் இதையொத்ததே: ஒருவனது ஆற்றலுக்குள் அடங்காத விளைவைக் கொண்டு அவன் செயலை மெச்சுவதும் பழிப்பதும் முறையா?

எல்லாம் நற்பேறே என்று தள்ளிவிடவும் முடியாது. சவுத்தாம்ப்டனில் பயிற்சியாளர் ஆலன் பார்டியூ அவரது உடல்தகுதிக் குறையைக் கண்டித்தார். அவரும் திருந்தி உழைத்தார். எனினும், அப்படிக் கண்டித்துச் சொல்ல ஒருவர் வாய்க்க வேண்டியிருந்தது அன்றோ?

குடும்பம் உடையவன் வேறு தொழில் கல்லாமல் இப்படி ஆண்டுகளைச் செலவிடுவது பிடிவாதம் அல்லவா எனக் கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஒப்பந்தம் முடியும் கோடைகளில் அவ்வீட்டுப் பெண்களின் கவலையை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது. ஆயினும் கீழ்ப்பிரிவு என்பது மேற்பிரிவுக்குக் காத்திருக்கும் கூடம் அன்று. சிற்றூரில் கதவு செய்யும் தச்சனை, அரண்மனைக்குச் செய்யவில்லை என்று எவரும் இகழ்வதில்லை. சனிக்கிழமைதோறும் பிரிஸ்டலில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்தவர்கள் வெம்பிளிக்கான ஒத்திகையைக் காண வரவில்லை. தங்கள் ஊர் வெல்வதைக் காண வந்தார்கள்.

2014-இல் லிவர்பூல் அவரைத் திரும்ப அழைத்தது. சிறுவயதுக் கனவு கைகூடிய அவ்வாண்டில், பெரும்பாலும் மாற்று வீரர்களின் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். அங்கே அவர் அடித்த கோல்கள் மொத்தம் 3. பிரிஸ்டல் ரோவர்சுக்காக, 2008-09 பருவத்தின் பிரிவு ஆட்டங்களில் மட்டும், 29.