விதியின் மீது பழி போடலாமா?

வேலைக்குச் சென்ற ஒருவர் மையித்தாக வீடு திரும்பினால், துக்கம் விசாரிக்க வருவோர் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் கூறுகின்றனர்: "ஹயாத்து அவ்வளவுதான்." மரணத்தின் நேரம் அல்லாஹ்விடம் குறிக்கப்பட்டுவிட்டது என்பது நமது ஈமானைச் சேர்ந்தது. கணவரை இழந்த மனைவிக்கும், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் அந்த வார்த்தை ஆறுதல் அளிக்கிறது. ஆனால், அவரை அந்த வேலைக்கு அனுப்பிய முதலாளியும் மேஸ்திரியும் அதே வார்த்தையைக் கூறும்போது அதன் பொருள் மாறிவிடுகிறதல்லவா? அங்கே அது ஆறுதல் அன்று, சாக்கு.

நமது ஆலிம்கள் இதற்கு அழகானதொரு வரம்பை வகுத்துள்ளனர். நேர்ந்துவிட்ட முஸீபத்தைத் தாங்கிக்கொள்ளக் கத்ரை நினைக்கலாம். செய்த குற்றத்தை மறைக்கக் கத்ரைக் காட்டக்கூடாது. இந்த வரம்பை வேலைத்தலத்தில் வைத்து நாம் சிந்திக்க வேண்டும். ஒரு வேலையை முன்கூட்டியே ஆராய்ந்து, அதில் மறைந்திருக்கும் ஆபத்தைக் கண்டு நீக்குவது தவக்குலுக்குக் குறைவா? அல்லது, ஆராயாமல் ஒருவரை அதில் இறக்கிவிடுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமா?

உமர் (ரலி) அவர்களின் முடிவு

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணம் சென்றபோது, ஸர்ஃ என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஸஹாபாக்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். ஒரு புறம் செழித்தும் மறுபுறம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் புறம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ர்தானே என்று உவமையும் கூறினார்கள்.

ஆபத்து இருக்கிறது என்ற செய்தி நமக்கு வந்து சேர்வதும் கத்ர்தான். அச்செய்தி வந்த பின்பும் பாராமுகமாக இருந்துவிட்டு, விளைவை மட்டும் கத்ர் என்பது நேர்மையாகாது.

அம்பும் விளக்கும் மாடியும்

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடச் சொன்னார்கள்; எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரைத் தீக்கு இரையாக்கிவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். தடுப்பில்லாத மாடியில் உறங்குவதையும் எச்சரித்தார்கள்.

இவை மூன்றும் மக்கள் தினந்தோறும் செய்த சாதாரணக் காரியங்கள். அவற்றில் எந்தக் கட்டத்தில், எவ்வழியாக, யாருக்குத் தீங்கு வரும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். பிறகு அதற்கு ஏற்ற மாற்றத்தைச் சொன்னார்கள். விளக்கு விஷயத்தில் ஆபத்தையே அகற்றச் செய்தார்கள். மாடியில் தடுப்பின் அவசியத்தை உணர்த்தினார்கள். அம்பில் எடுத்துச் செல்லும் முறையை மாற்றினார்கள். "கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நமது வேலைத்தலங்களிலோ பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஏற்பாடே இருப்பதில்லை.

ஒரு தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நம்மவர் பலரின் வாழ்வாதாரம். முதலாளிகளிலும் நம்மவர் உண்டு, தொழிலாளிகளிலும் உண்டு. அங்கே "கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்" என்பது ஒரே வாய்வார்த்தையில் முடிந்துவிடும் உத்தரவு. ஆனால் வேலை ஒன்றன்று. மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இறங்க வேண்டும். சேற்றைக் கிளற வேண்டும். வாளியில் மேலேற்ற வேண்டும். பிறகு ஏறி வரவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நேரக்கூடும், ஏன் நேரும், அதை எப்படி இல்லாமல் ஆக்கலாம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

தோலிலிருந்து முடியை நீக்கச் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அடுத்த கட்டங்களில் அமிலம் பயன்படுகிறது. இவ்விரு கழிவுநீரும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுவாயு எழும். தேங்கிய சேற்றிலும் அது உருவாகி அடங்கிக் கிடக்கும், கிளறியதும் வெளிப்படும். காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியிலேயே தங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போகும். எனவே, "நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம்" என்று ஒருவர் எண்ணும் அந்த நேரமே பேராபத்தான நேரமாக இருக்கக்கூடும். அளவு மிகவும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவார்.

எவரும் கணக்கில் எடுக்காத இன்னொரு கட்டமும் உண்டு. விழுந்தவரைக் காப்பாற்ற மேலே நிற்பவர் குதிப்பதுதான் அது. அவர் தம்பியாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். இத்தகைய மூடிய இடங்களில் நேர்ந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இல் எச்சரித்தது. அவர்களைக் கொன்றது அவர்களுடைய இரக்கமன்று, முன்னேற்பாடு இல்லாமைதான்.

இனி பரிகாரத்துக்கு வருவோம். மனிதன் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டுமா என்பதே முதற்கேள்வி. வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்கும் பம்பும் லாரியும் இருக்கின்றன. சல்ஃபைடு நீரையும் அமில நீரையும் தனித்தனி வழியில் விடலாம். இறங்குவது தவிர்க்கவே முடியாதெனில், கருவியால் வாயுவை அளக்க வேண்டும். காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் இருக்கவேண்டிய பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் இறங்கக்கூடாது. நல்ல காற்றை உட்செலுத்த வேண்டும். சுவாசக் கருவி வேண்டும். இறங்குபவரின் இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை எந்த வாயுவையும் தடுக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே சோதனைச் சான்றும், சுவாசக் கருவியும், கயிறும் கூறப்பட்டிருந்தன.

இதையெல்லாம் முதலாளி அறையில் தனியே அமர்ந்து எழுதினால் போதாது. அந்த வேலையைச் செய்பவரையே அருகில் அமர்த்திக் கேட்க வேண்டும். எந்தப் படி வழுக்கும், எந்த மூடி இறுகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கலீஃபாவே பிறரைக் கலந்தாலோசித்தார்களென்றால், நாம் தொழிலாளியிடம் கேட்பதில் என்ன குறைவு வந்துவிடும்?

வேலை செய்பவரோடும் ஆராய்ச்சி முடிந்துவிடாது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கசடு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். அந்நேரம் அவர்கள் எந்த வேலையிலும் இருக்கவில்லை. வேலைக்கு அருகில் இருப்பவர் யார், எங்கே உறங்குகிறார் என்பதும் நாம் கேட்கவேண்டிய கேள்வியே.

ஓர் ஆட்சேபம்

"கிணற்றிலும் சுரங்கத்திலும் நேரும் மரணத்துக்கு நஷ்டஈடு இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஸஹீஹான ஹதீஸ் அது. ஆனால் ஃபிக்ஹு அறிஞர்கள் அதை எப்படி விளங்கினார்கள்? தன் நிலத்தில், அத்துமீறலின்றித் தோண்டியவருக்கே அந்த விலக்கு. உரிமையின்றிப் பொதுவழியில் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவரே பொறுப்பாளி என்றார்கள். மேலும், தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் தியத்தையும் கஃப்பாராவையும் திருமறை அந்நிஸா அத்தியாயத்தில் விதித்திருக்கிறது. "வேண்டுமென்று செய்யவில்லை" என்பதால் எல்லாப் பொறுப்பும் நீங்கிவிடுவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒவ்வொரு விபத்துக்கும் ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு; நாம் அதில் நுழையவில்லை. ஆனால் நச்சுவாயு இருப்பதை அறிந்தும், அறிந்துகொள்ள வழியிருந்தும், ஒருவரைச் சொல்லாமல் இறக்கிவிட்டவர், "என்னிடம் அத்துமீறல் இல்லை" என்று நெஞ்சில் கை வைத்துக் கூற முடியுமா? கூலிக்கு வாங்கியது அவருடைய உழைப்பைத்தான். உயிர் அல்லாஹ் அவருக்கு அளித்த அமானிதம். அன்று மாலைவரை அது நம் பொறுப்பிலும் இருக்கிறது.

நம் வீட்டிலும்

இது ஆலை முதலாளிகளுக்கான பேச்சு என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டுக் கழிவறைத் தொட்டி நிரம்பியதும் ஆள் தேடுகிறோமே, அன்று நாமே முதலாளிகள். உள்ளே எவரையும் இறக்காமல், உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்று ஓர் ஏழையின் உயிரைப் பந்தயம் வைக்கலாமா? ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போதும் பாருங்கள். கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கி, நனைந்த தரையில் நடக்கிறார்கள்; பிள்ளைகள் பாத்திரத்துடன் சுற்றி நிற்கிறார்கள். அண்டாவை நகர்த்தாமலே கஞ்சியை மொண்டு கொடுத்தால் என்ன? பிள்ளைகளை ஒரு கயிற்றுக்கு அப்பால் நிற்கவைத்தால் என்ன?

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம். பிறர் நடந்து போகும் பாதைக்கே இந்தச் சட்டமென்றால், நாம் கூலி கொடுத்து ஒருவரை அனுப்பும் பாதையை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்! பார்க்கவேண்டியதைப் பார்த்து, செய்யவேண்டியதைச் செய்து முடித்த பிறகு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். அதன் பின்பும் ஒரு முஸீபத்து வருமானால், அப்போது "ஹயாத்து அவ்வளவுதான்" என்று நாமும் அந்தக் குடும்பத்தாருடன் சேர்ந்து அழலாம். நமது நாவும் கூசாது.

நமக்காக உழைப்போரின் உயிரைப் பேணும் தௌஃபீக்கை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.