அலையும் அளவையும்

கண்ணாற் காணாத ஒன்றை அறிந்தோம் என்று கூறும் உரிமை மனிதனுக்கு எப்பொழுது கிடைக்கின்றது? மெய்யியலில் இது பழைய வினா. காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த மரபிலே, உலகாயதர் காண்டல் ஒன்றையே ஏற்றனர். புகை கண்டவிடத்து நெருப்புண்டு என்று கருதுதற்குப் புகையுள்ள இடமெல்லாவற்றையும் கண்டவர் யார் என்பது அவர்தம் தடை. அத்தடையை நிறுத்துப் பார்ப்பதற்கு விண்வெளியாய்வு ஓர் அரிய எடுத்துக்காட்டைத் தந்துள்ளது.

1977 செப்தெம்பர் 5 ஆம் நாள் ஏவப்பட்ட வொயேஜர் 1, சூரியக் காற்று நிரம்பிய குமிழியைக் கடந்து விண்மீன்களிடை வெளியை அடைந்துவிட்டதா என்பதே பிரச்சினை. குமிழியின் உள்ளே பிளாஸ்மா ஐதானது. வெளியே அடர்ந்தது என்பது எதிர்பார்ப்பு. ஆயின், பிளாஸ்மாவை நேரே அளக்கும் கருவி 1980 இலேயே செயலிழந்துவிட்டது. காண்டலின் வாயில் அடைபட்டது. எஞ்சியது, 10 மீற்றர் நீளமான இரு உணர்கொம்புகளால் பிளாஸ்மா அலைகளை உணரும் கருவியே. சூரியனில் முன்னர் நிகழ்ந்த வெடிப்பின் விளைவாக 2013 ஏப்ரல், மே மாதங்களில் அங்குள்ள இலத்திரன்கள் அதிர, அக்கருவி செக்கனுக்கு ஏறத்தாழ 2600 அதிர்வுகளைப் பதிந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்து டொனால்ட் கேர்னெற்றும் குழுவினரும் அம்மீடிறனிலிருந்து கன சென்ரிமீற்றருக்கு 0.08 இலத்திரன் என்னும் அடர்த்தியைப் பெற்றனர். குமிழியின் உட்புற விளிம்பில் எதிர்பார்க்கப்பட்டதிலும் அது ஏறத்தாழ 40 மடங்கு. 2012 இறுதியிற் பதிவான நலிந்த அலைகளோடும் ஒப்பிட்டு, 2012 ஓகஸ்ற் 25 அளவிலேயே எல்லை கடக்கப்பட்டதென முடிவுகட்டி, 2013 செப்தெம்பரில் அறிவித்தனர்.

இக்கருதல் புகைகொண்டு நெருப்பை உணர்வதிலும் வலியது. புகையும் நெருப்பும் உடனிகழ்வன என்பதைப் பழக்கமே காட்டுகிறது. இங்கோ உடனிகழ்வின் காரணமும் தெரியும்: நிலைபெயர்ந்த இலத்திரன்களை மின்விசை மீட்டிழுக்கின்றது, நெருக்கம் மிகுந்தால் விசை மிகும், அதிர்வும் விரையும். எனினும் உலகாயதர் முற்றாக வாயடைக்கப்படுவதில்லை. அடர்த்தி மிக்கது என்பது ஒரு முடிவு. அடர்ந்த இடமே வெளி என்பது இன்னொன்று. காந்தப்புலத்தின் திசை மாறவில்லையே என்று அறிஞர் சிலர் எழுப்பிய ஐயம் இவ்விரண்டாம் படியையே தாக்கிற்று.

2018 நவெம்பர் 5 ஆம் நாள் வொயேஜர் 2 எல்லையைக் கடந்தபொழுது அதன் பிளாஸ்மாக் கருவி பழுதின்றி இயங்கியது. சூரியக் காற்று ஓய்ந்ததை அது அளந்தது. காந்தப்புலத் திசையோ அங்கும் பெரிதும் மாறவில்லை. பிழைத்தது கருதலன்று, காந்தப்புலம் பற்றிய எதிர்பார்ப்பே எனப் பெரும்பாலோர் கொண்டனர்.

அவ்வாறாயின், 2013 இல் இருந்தது வெறும் நம்பிக்கை, 2018 இல் வந்ததே அறிவு எனலாமா? ஆகாது. வொயேஜர் 2 'கண்டது' கருவியிற் பாய்ந்த சிறு மின்னோட்டத்தையே; அதனைக் காற்றின் வேகமென வாசித்ததும் கருதலே. கருதல் கலவாத காண்டல் அங்கும் இல்லை. எனவே, அறிவுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு கண்டதா, காணாததா என்பதில் இல்லை. முடிவின் ஒவ்வொரு படியையும் பிறர் சோதிக்குமாறு திறந்து வைத்தலிலேயே அது தங்கியுள்ளது. சான்றின் அளவே உறுதியுரைத்தல் அறிவியலின் முறை மட்டுமன்று, ஒழுக்கமுமாகும். சான்று கிடைக்குமுன் அறிந்தேன் என்பவன் பிறரை ஏமாற்றுகின்றான்; சான்று கிடைத்த பின்னும் கண்டாலன்றி ஏற்கேன் என்பவன் தன்னையே ஏமாற்றுகின்றான்.