அச்சம் குற்றமாகுமா?

மேட்டூர் அணை நீரைப் போன்ற நன்னீரில் டெட்ராஹைமினா என்னும் ஒருசெல் உயிரி வாழ்கிறது. அதற்குக் குருதியில்லை, சுரப்பியில்லை, நரம்புமில்லை. ஆயினும் முதுகெலும்பிகளின் கணையம் சுரக்கும் இன்சுலினை அது உணர்கிறது. புடாபெஸ்ட் அறிஞர் ஜியோர்ஜி சாபா 1970-களிலிருந்து இதனை ஆய்ந்தார். ஒருமுறை இன்சுலினைச் சந்தித்த செல்லின் வழித்தோன்றல்கள், பல நூறு தலைமுறை கடந்தும், அதனை மிகுதியாகப் பற்றிக்கொள்வதை அவர் கண்டார். நமக்கே உரியதென நாம் எண்ணியிருந்த தூதுமொழி இது!

நம் குடலிலும் இத்தகைய உயிர்கள் உண்டு. அச்சத்தில் நாம் சுரக்கும் அட்ரினலினை, நோய் விளைவிக்கும் ஈ. கோலை வகையொன்று தன் புரதத்தால் அறிந்து, நோயூட்டும் மரபணுக்களை முடுக்குகிறது என்று 2006-இல் அமெரிக்காவில் வனெசா ஸ்பெராண்டியோ குழுவினர் அறிவித்தனர்.

அப்படியானால், அஞ்சியவன் தன் நோய்க்குத் தானே பொறுப்பாளியா? "கவலைப்பட்டுத்தானே இதை வரவழைத்துக்கொண்டாய்" என்று நோயாளியிடம் உறவினர் சொல்வதை, நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும்போது பன்முறை கேட்டிருக்கிறேன். அதுவும் ஆறுதல் என்ற பெயரில்! ஆய்வுக்கூடத்துப் பாக்டீரியாவிலிருந்து ஒருவருடைய படுக்கைக்குத் தாவுவதே முறையன்று. அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. மனிதன் எண்ணித் துணிந்து செய்வதையும் அவனிடம் தானாக நிகழ்வதையும் புனித தோமா அக்குவினாஸ் வேறுபடுத்தினார். நினைவின்றித் தாடியைச் சொறிவது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அட்ரினலின் சுரப்பதோ நம் விருப்பத்தைக் கேட்பதேயில்லை. இசைவில்லாத இடத்தில் குற்றமேது?

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே திகிலுற்றார் என்பதை மாற்கு மறைக்கவில்லை. அவருடைய குருதியிலும் அன்றிரவு இச்சுரப்பு ஓடியிருக்கும்.